‘நரம்பு அடைப்பு’ என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான ‘கண் நரம்பு அடைப்பு’ என்னும் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை இரு கண்களாலும், இரண்டாம் முறை வலக்கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இடக்கண்ணால் மட்டும். இரண்டாம் முறை படித்து முடிக்கக் கால் மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. கட்டுரை விவரிக்கும் நோய்க்கு, அதாவது விழித்திரையின் இரத்தக் குழாய் அடைப்புக்கு, ஓராண்டாக மருத்துவம் பார்த்துவரும் கண் அது. கட்டுரையின் உள்ளே சொல்லப்பட்டவற்றில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. குறை தலைப்பில் இருக்கிறது. அந்தத் தலைப்பில் உள்ள ஒரு சொல்லால் ஐந்து வாரங்களை இழந்தவன் என்பதால், சற்று நீளமாகவே எழுதுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நம் பேச்சில் ‘நரம்பு’ என்ற சொல் சுமக்கிற சுமை கொஞ்சநஞ்சமல்ல. குளுக்கோஸ் ஏற்ற வரும் செவிலியர் நரம்பு கிடைக்கவில்லை, கையை இறுக்கி மூடுங்கள் என்கிறார். அவர் தேடுவது இரத்தக் குழாயை. முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்தவரிடம் நரம்பு அழுந்தியிருக்கிறது என்கிறார்கள். அது உணர்ச்சியையும் அசைவையும் கடத்துகிற நரம்பு. கெண்டைக்காலில் பச்சையாகப் புடைத்து நிற்பதையும் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோம். இலையில் ஓடும் கோடும் நரம்புதான், யாழில் கட்டிய தந்தியும் நரம்புதான். முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் கற்பித்துப் பிழைத்தவன் என்ற முறையில், ஒரு சொல் இத்தனை பொருளுக்கு ஈடுகொடுப்பதில் எனக்குப் பெருமையே உண்டு. ஆனால் நோய்க்குப் பெயராக அது வந்து உட்காரும்போது, நோயாளி தன் காதுக்குப் பழகிய பொருளையே எடுத்துக்கொள்கிறார். ஊரெங்கும் சுவர்களில் நரம்புத் தளர்ச்சி விளம்பரங்களைப் படித்து வளர்ந்த நமக்கு, நரம்பு என்றால் பலவீனம், பலவீனம் என்றால் சத்து மாத்திரை.

என் கதையைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை, வழக்கம்போல நாட்காட்டியில் முந்தைய நாள் தாளைக் கிழித்துவிட்டு, வலக்கண்ணில் விழுந்த தூசியைத் துண்டால் ஒற்றிக்கொண்டே புதிய தாளைப் பார்த்தேன். தேதியின் மேற்பாதி இருந்தது. கீழ்ப்பாதியில் தண்ணீர் பட்டு மை கரைந்தது போல ஒரு கறை. தாள் நனைந்துவிட்டது என்று நினைத்து விரலால் தடவினேன். உலர்ந்திருந்தது. துண்டை எடுத்ததும் எண் முழுதாகத் தெரிந்தது. மறுபடி வலக்கண்ணை மூடினேன், மறுபடி கறை. ஜன்னலைப் பார்த்தேன், நேராக நிற்க வேண்டிய கம்பிகள் நடுவில் இடுப்பை ஒடித்து நின்றன. வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒரு சொட்டு நீர்கூட வடியவில்லை. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ எனக்கே தெரியாது. ஒரு கண்ணின் குறையை மறு கண் வெளியே காட்டாமல் ஈடுகட்டிவிடும். அன்று தூசி விழாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு மாதம் தெரியாமலே போயிருக்கும்.

பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தவர், இது கண்ணாடியால் தீராது, நரம்புப் பிரச்சினை என்றார். அவர் மனத்தில் இருந்த நரம்பு இரத்தக் குழாயாகவே இருந்திருக்கலாம். என் காதில் விழுந்தது வேறு. அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு பொது மருத்துவரிடம் போனேன். நரம்புக் கோளாறாம், கண்ணில் என்றேன். அவரும் என் கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றாமலே, நரம்புக்கான வைட்டமின் மாத்திரையை ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். சிவப்பு நிறத்தில் சிறியதாக இருக்கும் அந்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினேன். பழி முழுவதையும் அவர் மீது போட எனக்கு வாயில்லை. எட்டு மாதத்துக்கு முன்பே, தலைசுற்றல் எதுவும் இல்லையே என்று இரத்த அழுத்த மாத்திரையை நானாக நிறுத்தியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவும் இல்லை. கறை கரையாததைக் கண்டு என் மகள் பிடிவாதமாக மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது புரட்டாசி பிறந்துவிட்டது. அங்கே முதல் வேலையாகப் பார்த்த இரத்த அழுத்தம் 180/110.

பாப்பா விரியச் சொட்டு மருந்து போட்டு, விழித்திரையைப் படம் எடுத்து, ஓ.சி.டி. என்னும் ஸ்கேனையும் எடுத்தார்கள். அது ஊசியோ சாயமோ இல்லாமல் ஒளியைக் கொண்டே விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டிவிடுகிறது. பார்வையின் நடுமையமான மாகுலா, ஏறத்தாழ 250 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டிய இடத்தில், எனக்கு 520 மைக்ரான் வீங்கியிருந்தது. பார்வை 6/36, அதாவது நல்ல கண் 36 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை நான் 6 மீட்டருக்கு வந்து நின்றால்தான் படிக்க முடியும்.

எனக்கு அடுத்த நாற்காலியில் மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். அவருக்கும் இதே நோய், என்னுடையதைவிடக் கடுமையான வகை. டாக்டரம்மா எங்கள் இருவருக்கும் சேர்த்தே ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். விழித்திரைக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய் தமனி. வேலை முடிந்த இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் சிரை. உங்களுக்கு அடைத்திருப்பது சிரை என்றார். விவசாயி சற்று யோசித்துவிட்டு, “அப்ப வரத்து வாய்க்கால் நல்லாத்தான் இருக்கு, வடிகால்தான் அடைச்சுப்போச்சுன்னு சொல்லுங்க” என்றார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அதேதான் ஐயா” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நோய் முழுவதும் அடங்கிவிட்டது என்றே இன்றும் நினைக்கிறேன். வடிகால் அடைபட்ட வயலில் பயிர் காய்வதில்லை, அழுகுகிறது. வந்த நீர் போக வழியின்றித் தேங்கி, வரப்பை உடைத்துப் பரவுகிறது. விழித்திரையிலும் அப்படியே: சிரை அடைபட்டதும் பின்னால் அழுத்தம் ஏறி, மெல்லிய நுண்குழாய்களின் சுவர் தாங்காமல் இரத்தம் கசிகிறது, அதன் நீர்ப்பகுதி மாகுலாவில் கோத்து வீக்கமாகிறது. வரத்தே நின்றுபோகும் தமனி அடைப்பு வேறு நோய். அதில் சில மணி நேரத்துக்குள் பார்வை நிரந்தரமாகப் போய்விடக்கூடும். அதைக் கண்ணுக்கு வந்த பக்கவாதமாகவே கருதி உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் பார்வை நரம்புக்கு வரும் நோய்கள் மூன்றாவது வகை. இந்த மூன்றையும் ‘கண் நரம்பு அடைப்பு’ என்ற ஒரே பெயரில் நாம் வழங்கிவருகிறோம்.

சிரை அடைப்பிலும் இரண்டு வகை உண்டு. விழித்திரையின் கிளைச் சிரைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து மையச் சிரையாகிப் பார்வை நரம்புக்குள் புகுந்து கண்ணை விட்டு வெளியேறுகின்றன. வெளியேறும் அந்த வாயில் சல்லடைபோன்ற ஒரு தட்டு. மிகக் குறுகிய இடம். அங்கோ அதற்குச் சற்றுப் பின்னோ அடைத்தால் மையச் சிரை அடைப்பு, விழித்திரை முழுவதும் பாதிப்பு. கிளையொன்று அடைத்தால் அந்தப் பாத்திக்கு மட்டும் பாதிப்பு. எனக்கு வந்தது மேற்புறக் கிளையில். கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், மேலே அடைத்தால் கீழே மறையும். நாட்காட்டித் தேதியின் கீழ்ப்பாதி கரைந்த காரணம் அதுதான். 2015-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 30 முதல் 89 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 2.8 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மையச் சிரை அடைப்பைவிடக் கிளைச் சிரை அடைப்பு ஐந்து மடங்கு அதிகம். விழித்திரையின் இரத்தக் குழாய் நோய்களில் நீரிழிவால் வருவதற்கு அடுத்த இடம் இதற்குத்தான். அப்படியிருந்தும், என் தெருவில் இதன் பெயரைக் கேள்விப்பட்டவர் எவரும் இல்லை.

ஏன் அடைக்கிறது என்பதுதான் என்னை வெட்கப்பட வைத்த பகுதி. விழித்திரையில் தமனியும் சிரையும் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் இரண்டும் ஒரே உறைக்குள் கிடக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இரத்த அழுத்தம் கூடியிருந்தால் தமனியின் சுவர் தடித்து இறுகுகிறது. இறுகிய தமனி, பக்கத்தில் கிடக்கும் மெல்லிய சிரையை மிதிக்கிறது. மிதிபட்ட இடத்தில் ஓட்டம் சுழித்து, உட்சுவர் புண்பட்டு, இரத்தம் உறைந்து கட்டிக்கொள்கிறது. ஆகவே கிளைச் சிரை அடைப்புக்கு முதல் காரணம் இரத்த அழுத்தம். நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, புகைபிடித்தல், முதுமை ஆகியவை துணைக் காரணங்கள். மையச் சிரை அடைப்புக்கு இவற்றோடு கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோயும் முக்கியமான காரணம். அடைப்பு வந்தவருக்கு மற்றக் கண்ணின் அழுத்தத்தையும் தவறாமல் பார்ப்பது அதனால்தான். ஐம்பது வயதுக்குக் கீழே, இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாமல் வந்தால், இரத்தம் எளிதில் உறையும் கோளாறுகள், இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் அளவு, இரத்தக் குழாய் அழற்சி, பெண்களானால் கருத்தடை மாத்திரை என்று வேறு திசையில் தேடுகிறார்கள். என் வயதில் அவ்வளவு தேடல் தேவைப்படவில்லை. மோர் மிளகாய், அப்பளம், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் கருவாடு, நிறுத்திவிட்ட மாத்திரை. என் காரணங்கள் என் வீட்டுச் சமையலறையிலும் மருந்துப் பெட்டியிலும் வரிசையாக இருந்தன.

‘நரம்பு’ என்ற சொல் செய்யும் கேடு இங்கேதான் முழுதாகத் தெரிகிறது. இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று கண்ணாடிக் கடைக்காரர் சொல்லியிருந்தால், எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட “பிரஷர் பார்த்தியாப்பா?” என்று கேட்டிருப்பார். மாரடைப்பும் பக்கவாதமும் குழாய் அடைப்பு என்பது ஊருக்கே தெரியும். கண்ணில் சிரை அடைத்தவருக்குப் பிற்காலத்தில் இதயத்திலும் மூளையிலும் அப்படி நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதால், கண் மருத்துவரே இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. எல்லாம் எடுக்கச் சொல்கிறார். நரம்பு என்று கேட்டவருக்கு அவற்றில் ஒன்றுகூடப் பொருத்தமாகத் தோன்றாது. கண்ணுக்கு வந்ததற்கு நெஞ்சில் எதற்கு வயரை ஒட்டுகிறீர்கள் என்று நானே கேட்டேன்.

சிகிச்சையைப் பற்றித் தங்கள் கட்டுரை நான்கு வரியில் முடித்துக்கொண்டது. ஐயத்துக்கும் ஏமாற்றத்துக்கும் இடம் தருவது அந்தப் பகுதிதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். வீக்கம் சிறிதாக இருந்து பார்வை பெரிதும் குறையாதவர்களுக்குச் சில நேரம் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு கவனித்திருந்தாலே போதும். கிளைச் சிரை அடைப்பில் சிலருக்குத் தானாகவே மாற்று வழிகள் திறந்து வடிந்துவிடுகிறது. வடியாதவர்களுக்கு முன்பு லேசர் ஒன்றே வழி. கிளைச் சிரை அடைப்பில் மாகுலா வீக்கத்துக்கு லேசர் பயன்படும் என்று 1984-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் மையச் சிரை அடைப்பில் அதே லேசர் கசிவைக் குறைத்தும் பார்வையைக் கூட்டவில்லை என்று 1995-இல் தெரிந்தது. மையச் சிரை அடைத்தவருக்குச் சொல்ல மருத்துவரிடம் நம்பிக்கையான வார்த்தை இல்லாத காலம் அது.

அதை மாற்றியது கண்ணுக்குள் போடும் ஊசி. மூச்சுமுட்டிய விழித்திரை, இரத்தக் குழாய்களை வளரச் செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. மருத்துவர்கள் அதை ‘வெஜ்எஃப்’ என்கிறார்கள். உதவிக்கு அழைப்பதாக நினைத்து அது செய்யும் வேலை உபத்திரவமாக முடிகிறது: இருக்கிற குழாய்களை மேலும் கசிய வைக்கிறது, புதிதாக முளைப்பவற்றை நோஞ்சானாக முளைக்க வைக்கிறது. அந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் மருந்துகளே ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட், பெவாசிசுமாப் முதலியவை. ரானிபிசுமாபுக்கு 2010-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஓர் ஆய்வில், கிளைச் சிரை அடைப்புக்கு மாதம் ஓர் ஊசியாக ஆறு மாதம் பெற்றவர்களில் 61 விழுக்காட்டினர் பலகையில் 15 எழுத்து, அதாவது மூன்று வரிசை, கூடுதலாகப் படித்தார்கள்; ஊசி போடுவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் அப்படிப் படித்தவர்கள் 29 விழுக்காட்டினர். 2015-இல் ரானிபிசுமாபின் நிகர்மருந்து இந்தியாவிலேயே தயாராகி விற்பனைக்கு வந்தது. பெவாசிசுமாப் உண்மையில் புற்றுநோய்க்கு வந்த மருந்து. அதைச் சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடுகிறார்கள், விலையும் குறைவு. மையச் சிரை அடைப்பில் அது ஆறு மாத முடிவில் அஃப்ளிபெர்செப்ட்டுக்குக் குறைந்ததில்லை என்று 2017-இல் ஓர் ஆய்வு சொன்னது. மருந்தைப் பொறுத்து ஓர் ஊசிக்குச் சில ஆயிரம் ரூபாயிலிருந்து பல பத்தாயிரம் வரை ஆகும் நம் நாட்டில், இந்தச் செய்தியை நோயாளிக்கு எடுத்துச் சொல்லி, எது வேண்டும் என்று அவரையும் கேட்டு முடிவெடுப்பதே முறை. ஸ்டீராய்டு வழியும் இருக்கிறது: சில மாதங்கள் மெல்லக் கரையும் டெக்ஸாமெதசோன் துணுக்கைக் கண்ணுக்குள் வைக்கிறார்கள். ஊசிக்கு அடிக்கடி வர முடியாதவர்களுக்கு அது உதவும். கண் அழுத்தம் ஏறுவதையும் புரை விழுவதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணில் ஊசி என்று கேட்டதும் என் மனைவி பூஜை அறைக்குப் போய்விட்டார். போட்டுக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. மரத்துப்போகும் சொட்டு மருந்தை மூன்று நான்கு முறை விட்டார்கள். பிறகு பழுப்பு நிற அயோடின் கரைசலால் இமையையும் கண்ணையும் கழுவினார்கள். உண்மையில் எரிந்தது அது ஒன்றுதான். முகத்தில் துணி போர்த்தி, இமைகள் மூடாமல் இருக்க ஒரு கம்பி வளையத்தைப் பொருத்தி, மேலே பாருங்கள் ஐயா என்றார்கள். கருவிழியின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைவிழியில் ஓர் அழுத்தம், அவ்வளவுதான். உள்ளே போன மருந்து 0.05 மில்லி, ஒரு சொட்டு அளவு. உடனே கண்ணுக்குள் ஒரு கறுப்பு மணி உருண்டு மிதந்தது; மருந்தோடு போன காற்றுக் குமிழி என்றார்கள், மறுநாள் காணாமல் போனது. ஊசி பட்ட இடத்தில் ஒரு வாரம் இரத்தச் சிவப்பு இருந்தது. ஆனால் ஊசிக்குப் பின் சில நாட்களுக்குள் வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பு பரவினாலோ, அது கண்ணுக்குள் கிருமி புகுந்ததன் அறிகுறியாக இருக்கலாம். மிக அரிது என்றாலும், நள்ளிரவானாலும் உடனே வரச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டு இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து வீக்கம் 520-லிருந்து 310 மைக்ரானாக இறங்கியது. அடைப்பை எடுத்தாயிற்றா அம்மா என்று கேட்டேன். இல்லை என்றார் அவர். இந்த ஊசிகளில் எதுவும் அடைப்பை எடுப்பதில்லை. கசிவை நிறுத்தி, தேங்கிய நீர் வற்ற உதவுகின்றன; அதற்குள் பக்கத்துச் சிறு குழாய்கள் விரிந்து புது வடிகாலாக மாற வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். மருந்தின் வேலை நான்கைந்து வாரத்தில் தீர்ந்துவிடுவதால் வீக்கம் திரும்ப வரலாம். வந்தால் மறுபடி ஊசி. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், முதல் ஊசியில் பார்வை தெளிந்தவர் குணமாகிவிட்டது என்று நின்றுவிடுகிறார். இரண்டாம் மாதம் மங்கியவர் ஊசி பலிக்கவில்லை என்று நின்றுவிடுகிறார். இருவரும் நிற்பதற்குக் காரணம் ‘அடைப்பு’ என்றால் குத்தி எடுத்துவிடலாம் என்னும் எண்ணம். இரத்தத்தை இளக்கும் மாத்திரையைப் போட்டால் கரைந்துவிடாதா என்றும் கேட்டேன். இந்த அடைப்பை அது கரைக்காது, கசிவைக் கூட்டவும் கூடும்; ஆனால் இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தவும் கூடாது என்றார்.

எனக்கு ஐந்து ஊசிகள் ஆயின. இப்போது 6/9 படிக்கிறேன். ஜன்னல் கம்பிகளில் ஒன்று மட்டும் இன்னும் லேசாக வளைந்திருக்கிறது. ஐந்து வாரம் முன்னால் வந்திருந்தால் அதுவும் நிமிர்ந்திருக்குமா என்று கேட்டேன். டாக்டரம்மா பதில் சொல்லாமல் கணினித் திரைக்குத் திரும்பிக்கொண்டார்.

மேலூர் விவசாயியை மார்கழியில் மறுபடி பார்த்தேன். முதல் ஊசியோடு, நடவு முடியட்டும் என்று போனவர். இடையில் இரண்டு முறை மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்களாம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்திருக்கும் நேரத்தில் யாரால் வர முடியும் என்றார். அவர் கண் சிவந்து, தலையைப் பிளக்கும் வலியோடு, கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். மையச் சிரை அடைப்பில் இரத்த ஓட்டம் மிகக் குறைந்த கண்களில், மூன்று மாத அளவில், பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத்திரையான கதிராளியில் புதிய குழாய்கள் முளைத்து, கண்ணின் நீர் வெளியேறும் வழியையே மூடிவிடும். நூறு நாள் கிளாக்கோமா என்று மருத்துவர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். தொடக்கத்தில் அவ்வளவு மோசமில்லாமல் இருந்து ஏமாற்றும் கண்களும் உண்டு. 1990-களில் நடந்த அமெரிக்க ஆய்வில் அப்படிப்பட்டவற்றுள் மூன்றில் ஒரு பங்கு, மூன்றாண்டுக்குள் மோசமான வகைக்கு மாறின. முதல் ஆறு மாதம் மாதந்தோறும் வரச் சொல்வது இதைப் பிடிப்பதற்குத்தான். முளைத்த குழாய்களைத் தொடக்கத்திலேயே கண்டால் லேசராலும் ஊசியாலும் அடக்கலாம். அவருக்கு அந்தக் கட்டம் தாண்டியிருந்தது. வலியைக் குறைத்துக் கண்ணைக் காப்பாற்றினார்கள், பார்வையை அல்ல. பார்த்துப் பேசும்போது அவர் தன் பயிரைப் பற்றியே பேசினார். அந்த ஆண்டு நல்ல விளைச்சல்.

மதுரைக்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண்புரைக்கு இந்த ஊர் செய்த தொண்டு உலகம் அறிந்தது. அந்தத் தொண்டின் விளைவாகவே, வயதானவருக்குக் கண் மங்கினால் புரை, புரையென்றால் லென்ஸ் வைத்தால் மறுநாள் பளிச்சென்று தெரியும் என்ற நம்பிக்கை சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஊறிப்போயிருக்கிறது. அவசரமில்லை, கோடையில் பார்த்துக்கொள்ளலாம், புரை முற்றட்டும் என்கிறோம். புரை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மங்கும். ஒரு கண் ஒரே நாளில், பெரும்பாலும் தூங்கி எழும்போது, வலியின்றி மங்கியிருந்தால் அது புரையாக இருக்க வாய்ப்பில்லை. அதற்குக் கோடை வரை காத்திருக்க நேரமும் இல்லை.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. ஒன்று, இனி இந்த நோயைக் குறிக்கும்போது ‘விழித்திரைச் சிரை அடைப்பு’ என்று எழுதுங்கள். சிரை என்பது புரியாது என்று துணையாசிரியர்கள் கருதினால் ‘கண் இரத்தக் குழாய் அடைப்பு’ என்றாவது எழுதுங்கள். தமிழில் தமனி, சிரை, நரம்பு என்று மூன்று தனிச் சொற்கள் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கின்றன. இரண்டு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், 2021 ஆகஸ்டிலிருந்து இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்கள் இரத்த அழுத்தம் பார்த்து முடித்ததும், “ஒரு கண்ணை மூடிச் சுவரில் இருக்கும் காலண்டரைப் பாருங்க, அப்புறம் அடுத்த கண்ணை மூடிப் பாருங்க” என்று கேட்டால் போதும். அரை நிமிடம்கூட ஆகாது, செலவும் இல்லை. இந்த யோசனையை மாவட்டச் சுகாதாரத் துறையின் பார்வைக்குக் கொண்டுபோகத் தங்கள் நாளிதழால் முடியும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை மருத்துவப் பக்கத்திலேயே கட்டம் கட்டிச் சற்றுப் பெரிய எழுத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடையில் தங்கள் இதழைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். வெட்டிக் கடைச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கக் கடைக்காரரிடம் ஏற்கெனவே அனுமதி வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.